ஒரே ஓர் ஆசிதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டொராண்டோவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு யூதக் குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய மகள் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அன்று தந்தை அவள் தலைமேல் இரு கைகளையும் வைத்து ஏதோ முணுமுணுத்தார். தாய் ஒரு பண நோட்டை மடித்து அவள் கையில் திணித்தார். அடுத்த மாதம் என் மகனும் வெளியூருக்குப் படிக்கப் போகிறான் (இளையவள் பள்ளியில் படிக்கிறாள்). பிள்ளைகளை வழியனுப்ப யூதர்களிடம் உள்ள சடங்குகளை வரிசையாகச் சொல்வீர்களா? பொருந்தும் ஒன்றை நாங்களும் செய்வோம்.

அன்புள்ள நண்பருக்கு,

வரிசையாகச் சொல்லப் போவதில்லை. எல்லாவற்றையும் விரித்துப் போட்டுப் பிடித்ததை எடுத்துக்கொள்ள இது ஜவுளிக்கடை அல்ல. தாய் கொடுத்த நோட்டு, போய்ச் சேரும் ஊரில் ஓர் ஏழைக்குக் கொடுப்பதற்கானது. நற்செயலுக்காகச் செல்பவருக்குத் தீங்கு நேராது என்கிறது யூதர்களின் சட்ட, விளக்க நூலான தல்மூத். ஆகவே பயணியைத் தர்மத்தின் தூதராக்கி அனுப்புகிறார்கள். அதை நீங்கள் தாராளமாகச் செய்யலாம்.

தந்தை முணுமுணுத்ததைப் பற்றி நானும் சில காலமாக யோசித்துவருகிறேன். யூதர்களின் வாராந்திர ஓய்வு நாளான சப்பாத் தொடங்கும் ஒவ்வொரு வெள்ளி மாலையும் வீட்டில் சொல்லும் ஆசியைத்தான் அவர் அன்றும் சொல்லியிருப்பார். மகனை எப்பிராயீமையும் மனாசேயையும் போலவும், மகளைக் குலத்தாய்மாரான சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போலவும் கடவுள் ஆக்குவாராக என்று தொடங்கி, விவிலியத்தின் எண்ணாகமம் நூலில் 6ஆம் அதிகாரத்தின் ஆசாரியர் ஆசியோடு அது முடியும். 1979இல் எருசலேமின் கெத்தெஃப் ஹின்னோமில் கிடைத்த, ஏறத்தாழ 2,600 ஆண்டுப் பழமையுள்ள வெள்ளிச் சுருள்களிலும் அந்த ஆசியின் சொற்கள் இருக்கின்றன.

விவிலியத்தில், ஆசியை ஒரே ஒரு தருணத்துக்கென்று காத்து வைத்திருந்த வீடு ஈசாக்கினுடையது. மூத்த மகன் ஏசாவுக்கு வைத்திருந்ததை இளையவன் யாக்கோபு அண்ணனைப் போல் வேடமிட்டு வாங்கிக்கொண்டான். "அப்பா, உம்மிடம் இருப்பது ஒரே ஓர் ஆசிதானா?" என்று ஏசா கதறி அழுதான்; யாக்கோபு கைத்தடி ஒன்றுடன் யோர்தானைக் கடந்து ஓடினான். அதே யாக்கோபு முதுமையில், எகிப்தில், தன் மகன் யோசேப்பின் பிள்ளைகளான எப்பிராயீம், மனாசே இருவரையும் சேர்த்து நிறுத்தி, கைகளைக் குறுக்காக மாற்றி வைத்து, இருவருக்கும் ஒன்றாகவே ஆசி வழங்கினான். அந்நிய மண்ணில் பிறந்த, ஒருவரையொருவர் பகைத்ததாகக் கதை சொல்லாத அந்தச் சகோதரர்களை, ஆபிரகாமும் மோசேயும் இருக்க, மகன்களுக்கு முன்மாதிரியாக வைத்ததற்கு மரபில் பல விளக்கங்கள் உண்டு. என் விளக்கம் இது: ஈசாக்கின் வீட்டில் ஆசி பங்கு பிரிக்க முடியாத சொத்தாக இருந்தது, வாரந்தோறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கும் வீட்டில் எவரும் வேடமிட வேண்டியதில்லை.

நீங்களோ மகனுக்கு ஒரு நாள் சடங்கைத் தேடுகிறீர்கள். மகளை அடைப்புக்குறிக்குள் உட்கார வைத்துவிட்டீர்கள். இத்தனை ஆண்டுகள் வைக்காத கையை விமான நிலையத்தில், கைபேசிக் கேமராவுக்கு முன்னால் வைத்தால், பாவம், அந்தப் பையன் கூச்சத்தில் நெளிவான். உங்கள் மொழியில், உங்கள் கடவுளிடம் வேண்டி, இந்த வாரமே இருவருக்கும் தொடங்குங்கள்.

அவன் போன பிறகும் அதை நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளை தொலைவில் இருந்தால் பல யூதப் பெற்றோர் வெள்ளிக்கிழமை தொலைபேசியிலேயே ஆசி சொல்கிறார்கள். சப்பாத்தில் தொலைபேசியைத் தொடாத குடும்பங்கள் சூரியன் மறைவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். பெற்றோரும் பிள்ளையும் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருந்தால், யாருக்கு முதலில் பொழுது சாய்கிறதோ அவருடைய கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.