வேலூரில் வீட்டிலேயே காரின் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்யலாமா?

பழைய காரில் இரண்டாம் கியருக்கு மாற்றும்போது மட்டும் கரகரவென்று சத்தம் வருகிறது, வீட்டிலேயே பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிக்கலாம். சித்திரையில் மட்டும் வேண்டாம். வேலூர் வெயிலில் ஸ்பேனரைக் கையில் பிடிக்க முடியாது.

ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் கரகரத்தால் கிளட்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்குவது வீண் வேலை. ஒரே கியர் என்றால் பெரும்பாலும் பித்தளை சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும். கியரின் கூம்பு முகத்தை உரசிப் பிடித்து, வேகத்தைச் சமமாக்கிப் பற்களைச் சேர விடுவது அதன் வேலை. வளையத்தைக் கூம்பில் கையால் அழுத்தித் திருகிப் பாருங்கள். வழுக்கினால் மாற்றிவிடுங்கள். வளையத்துக்கும் கியருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய எஃகுத் தகடுகளாலான அளவுக் கருவி) அளந்து, காரின் கையேட்டோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது.

காட்பாடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிரித்தபோது, ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருந்த எஃகுக் குண்டு ஒன்று துள்ளிச் சாக்கடையில் விழுந்தது. அன்றிலிருந்து பழைய வேட்டியை விரிக்காமல் வேலையைத் தொடங்குவதில்லை. பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் இறுகிய பேரிங்கைச் சுத்தியலால் தட்டாதீர்கள். லேத் பட்டறையில் கொடுத்துக் கழற்றி வாங்குங்கள்.

கையேடு ஜி.எல்.4 தரக் கியர் ஆயில் என்றால் அதையே ஊற்றுங்கள். ஜி.எல்.5 ஆயிலில் கந்தகச் சேர்மானம் அதிகம். அது பித்தளையை அரிக்கக்கூடும்.