மாயாவியை வரைந்த கை

அன்புள்ள ஐயா,

எழுபதுகளில் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இரும்புக்கை மாயாவி படக்கதைப் புத்தகம் ஒன்று கிடைத்தால் லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) முழுக்கச் சுற்றி வரும். அட்டை கிழிந்து கடைசியாகத்தான் என் கைக்கு வரும். அதை வரைந்தவர் சிவகாசிக்காரர் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்கிறான் மகன். யார் அவர்?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

மகன் சொல்வதுதான் சரி. சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972இல் மாயாவியோடு தொடங்கியது. அந்தப் படங்களோ 1962இலேயே இங்கிலாந்தின் வேலியன்ட் வார இதழில் வரத் தொடங்கிவிட்டன. வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ, 1919இல் பிறந்த பார்சிலோனாக்காரர். கூட்டோ என்ற சிறுவன் கதைகளால் ஸ்பெயினில் முன்பே பேர் வாங்கியவர். ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் அப்போது கிடையாது. லண்டன் பையனுக்கும் அவர் யாரென்று தெரிந்திருக்காது.

அவருக்கு வாய்த்த வேலையை யோசித்துப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் கதாநாயகன் மறைந்துவிடுகிறான், இரும்புக்கை மட்டும் மிச்சம். கோபமா, அவசரமா, பதுங்கலா, எல்லாவற்றையும் விரல் மடங்கும் விதத்திலேயே காட்டியாக வேண்டும். மீதியை எதிரில் நிற்கிற காவல்காரனின் கண் சொல்ல வேண்டும். அந்தரத்தில் ஒரு கை மிதந்தால் சிரிப்புத்தான் வரும். நமக்கு வரவில்லையே! சுற்றியுள்ள மாடிப்படி, கதவு, சுவரில் விழும் நிழல் எல்லாம் போட்டோ மாதிரி அத்தனை துல்லியம். அதனால் கையையும் நம்பினோம். கதை என்று பார்த்தால் இன்று ஏகப்பட்ட ஓட்டைகள் தெரிகின்றன, அதைத் தூக்கி நிறுத்தியது படம்தான் என்பது என் கட்சி.

எங்கள் தோட்டத்தில் ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்கப்புறம் மாயாவி வந்தால் எப்படி மறைவான் என்று பையன்களுக்குள் பெரிய சர்ச்சையே நடந்தது. கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு டார்ச் பேட்டரி போதும் என்று ஒரு கோஷ்டி!

பிளாஸ்கோ 1995இல் காலமானார். மாயாவி கதைகள் தமிழில் மறுபதிப்பாகவும் வந்திருக்கின்றன. ஒன்று கிடைத்தால் வசனத்தை விரலால் மறைத்துக்கொண்டு நாலு பக்கம் புரட்டுங்கள், கதை புரிந்துவிடும். மகனையும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.