வெயிலில் 54,612-லேயே நிற்கும் லக்ஸ்

கேள்வி: பள்ளி மொட்டை மாடியில் மாணவர்களோடு சேர்ந்து ஒளியையும் புற ஊதாவையும் அளக்கும் கருவி வைத்திருக்கிறோம். ஒளிக்கு பிஎச்1750, புற ஊதாவுக்கு எம்எல்8511 சென்சார்கள், அவற்றைப் படிக்க ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கணினிப் பலகை, மழைக்காக மேலே அக்ரிலிக் மூடி. காலை பத்திலிருந்து மூன்று மணி வரை லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) 54,612 என்றே காட்டுகிறது. புற ஊதாவோ உச்சி வெயிலிலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது. விற்றவர், "இரண்டும் பழுது, அவுட்டோர் கிரேடு வாங்குங்கள்" என்கிறார்.
– இயற்பியல் ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: பணத்தைப் பையிலேயே வையுங்கள். லக்ஸ் சென்சார் பழுதில்லை என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. பிஎச்1750-ஆல் 65,535 வரைதான் எண்ண முடியும். அதை 1.2-ஆல் வகுத்தால் லக்ஸ். வகுத்துப் பாருங்கள், உங்கள் 54,612 வரும். மரக்கால் நிரம்பிய பிறகு எவ்வளவு நெல் கொட்டினாலும் ஒரு மரக்கால்தானே! நம் ஊர் வெயில் சாதாரணமாக ஒரு லட்சம் லக்ஸைத் தொடும்.

சென்சார் ஒளியைச் சேர்க்கும் நேரத்தைக் குறைத்தால் போதும். அந்த நேரத்துக்கான எண்ணைச் சென்சாருக்குள் வைத்திருக்கும் பதிவேட்டுக்கு எம்டிரெக் என்று பெயர். வழக்கமாக 69-ல் இருக்கும், 31-க்கு இறக்குங்கள். உச்ச வரம்பு ஏறக்குறைய 1,21,000 லக்ஸ் ஆகிவிடும். நிரலில் உள்ள லைப்ரரி (சென்சாரைப் படிக்கும் ஆயத்த நிரல்) இந்த மாற்றத்தைத் தானே கணக்கில் எடுக்காவிட்டால், விடையை 69/31-ஆல் நீங்கள் பெருக்க வேண்டும்.

அடுத்து புற ஊதா. இங்கே முதல் சந்தேகம் மூடி மேல்தான். அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டுமே கண்ணுக்குப் பளிங்கு, புற ஊதாவுக்குச் சுவர். விதிவிலக்கு உண்டு. தோல் நிறத்தைக் கறுக்க வைக்கும் விளக்குப் படுக்கைகளில் புற ஊதாவை விடும் தனி அக்ரிலிக் இருக்கிறது. ஆனால் கடையில் "இதுதான் சார் அது" என்று நீட்டப்படும் பலகை அதுவாக இருக்கும் என்று நம்பாதீர்கள். லேபிளைப் பார்த்தும் நம்பாதீர்கள். மேகமில்லாத நண்பகலில் மூடியோடு ஒரு முறை, மூடியை எடுத்து ஒரு முறை எம்எல்8511-இன் வோல்டேஜைக் குறியுங்கள். புற ஊதா இல்லாதபோதே அது சுமார் 1 வோல்ட் தரும், அதைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். மூடியை எடுத்ததும் எகிறினால் குற்றவாளி மூடிதான். அசையவே இல்லை என்றால் ஒயரையும், சென்சாரை இயங்க வைக்கும் ஈஎன் முனை 3.3 வோல்ட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூடிக்குப் பதில் மெல்லிய டெஃப்ளான் தாள் போடுங்கள். அது எவ்வளவு குறைக்கிறது என்பதையும் இதே முறையில் கண்டு, தாள் இல்லாத அளவைத் தாளோடு வந்த அளவால் வகுத்து, அந்த விகிதத்தால் பெருக்கினால் சரி.

அப்புறம் அந்த 'அவுட்டோர் கிரேடு'. நான் பிரித்துப் பார்த்த ஒன்றில் உள்ளே இருந்தது இதே பிஎச்1750, மேலே இதே அக்ரிலிக். விலை மட்டும்தான் வேறு. பள்ளிகளுக்குக் கருவி வாங்கும் படிவத்தில் 'துல்லியம் எத்தனை சதவீதம்' என்று ஒரு கட்டம் இருக்கும்; மூடி எதனால் ஆனது என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. பிறகு இடைத்தரகர் பிழைக்காமல் என்ன செய்வார்? "யூவி இண்டெக்ஸை (புற ஊதா தோலைத் தாக்கும் கடுமையைச் சொல்லும் எண்ணை) நேரடியாகத் தரும்" என்று எஸ்ஐ1145 என்ற சென்சாரையும் தலையில் கட்டுவார்கள். அதில் புற ஊதாவை உணரும் பாகமே கிடையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அகச்சிவப்பையும் வைத்து ஒரு மதிப்பீடு சொல்லும், அவ்வளவுதான்.

சென்சார்களை ரசமட்டம் வைத்துக் கிடையாகப் பொருத்துங்கள். வாரம் ஒரு முறை தூசியையும் காக்கை எச்சத்தையும் துடையுங்கள்.

மாணவர்கள் வரைபடத்தில் 'யூவி இண்டெக்ஸ்' என்று எழுத வேண்டாம். அந்தக் குறியீட்டில் ஒவ்வோர் அலைநீளமும் தோலை எவ்வளவு சிவக்க வைக்கும் என்று எடை போட்டுக் கூட்டுகிறார்கள். அப்படிக் கூட்டி வரும் சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட்தான் ஓர் அலகு. எம்எல்8511-க்கு அந்த எடைபோடும் வேலை தெரியாது. அது தருவதைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிவாட் என்றே எழுதச் சொல்லுங்கள்.