வீட்டிலேயே நாய், பூனைகளைப் படம் எடுக்க ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதுமா? எந்தப் பக்க ஜன்னல் நல்லது?

தாராளமாகப் போதும். கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் ஓட்டு வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில்தான் நாய், பூனை, முயல், வளர்ப்புச் சேவல் என்று எல்லாவற்றையும் எடுக்கிறேன். காசு வாங்கி எடுத்துத் தரும் படங்களும் அங்கேதான். ஈரோட்டில் வீட்டு முன்னறையில் ஸ்டுடியோ போடப் போவதாகவும், ஃபிளாஷ் விளக்கு வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள், வாய் அகலமானது, நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும். விளக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பக்க ஜன்னல் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று வெளிநாட்டு வீடியோக்களில் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. ஐரோப்பாவில் உச்சிச் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். நமக்கு அப்படி இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் 11 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டி இருக்கின்றன. ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நம் தலைக்கு மேல் வந்து, அப்படியே வடக்கே போய், ஆகஸ்ட் 20 தாண்டித்தான் திரும்பி வருகிறது. அதாவது சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வடக்கு ஜன்னல் வழியாக உள்ளே வரும். அந்த நாலு மாசமும் தெற்கு ஜன்னலில் நேர் வெயிலே படாது. புரட்டாசி தொடங்கிக் கொஞ்ச நாளிலிருந்து பங்குனி தொடக்கம் வரை வடக்கு ஜன்னல்தான் அருமை. அதனால் இடத்தை நிரந்தரமாக ஒரே சுவரோடு கட்டிப் போடாதீர்கள். பின்திரை, பாய், ஸ்டூல் எல்லாம் இடம் மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

கிழக்கு ஜன்னல் மட்டும்தான் இருக்கிறதா? பத்து மணிக்கு மேல், வெயில் தரையை விட்டு ஏறிய பிறகு எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஜன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டுங்கள். ஈரோட்டில் துணிக்கா பஞ்சம்! வெளுத்த மல் துணியாகப் பார்த்து வாங்குங்கள். வெளுக்காத காடா வழியாக வரும் வெளிச்சத்தில் வெள்ளைப் பூனைகூட மஞ்சள் தட்டித் தெரியும். பழைய வேட்டி என்றால் கரையை மடித்துவிடுங்கள்.

இந்தத் துணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் ஜன்னல்களில் கம்பி இருக்கும். நாயின் கண்ணை நெருக்கமாக எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியின் மேல்பாதியில் அந்தக் கம்பி, சட்டம், கொக்கி வரை குட்டியாகத் தெரியும். துணி கட்டினால் அந்த இடத்தில் ஒரே சீரான வெள்ளைக் கட்டம். முகத்துக்கே ஒரு தெளிவு வந்துவிடும். ஆடிக் காற்றில் துணி படபடத்தால் நாய் அதையே பார்த்துக்கொண்டிருக்கும், ஓரங்களைத் துணி கிளிப்பால் இறுக்கிவிடுங்கள்.

நாயை ஜன்னலிலிருந்து மூன்று நாலு அடியில் உட்கார வையுங்கள். தள்ளிப் போகப் போக வெளிச்சம் சட்டென்று குறையும், நிழலும் கறுத்துவிடும். மூக்கு ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் திரும்பினால் நீண்ட மூஞ்சியின் நிழல் கன்னத்தில் விழுந்து ஒரு கண் இருட்டில் போய்விடும். நிழல் பக்கத்தில் ஒரு தெர்மாக்கோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் போதும், முடியின் விவரம் தெரியும். பச்சைச் சுவரும் சிவப்புக் காவித் தரையும் தாடைக்கடியில் நிறத்தை அடிக்கும், அதற்கும் ஒரு வெள்ளைத் துணிதான் மருந்து.

டியூப்லைட், எல்இடி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் பிறகு திருத்துவது பெரும்பாடு. ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போக வேண்டாம், துள்ளும் குட்டி என்றால் 1/500. அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 2.8 முதல் 4 வரை. கோவை, பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடி மேகங்களில் வெளிச்சம் அவ்வளவு மென்மை, ஆனால் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஷட்டரையும் அபெர்ச்சரையும் மேனுவலில் வைத்து, வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறனான ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டுவிடுவேன். கறுப்பு நாயைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும், கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரை ஸ்டாப், அதாவது அரைப் படி, குறைத்து எடுங்கள். வெள்ளைக்கு அதே அளவு கூட்டுங்கள்.

ஜன்னல் வெளிச்சத்தை நான் விரும்புவதற்குப் பெரிய காரணம் இந்த ஜீவன்கள்தான். நாய், பூனையின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. கேமராமேல் மாட்டிய ஃபிளாஷை நேராக அடித்தால் கண் பச்சையாக எரிவது அதனால்தான். சில நாய்களுக்கு அந்தப் பளிச்சே பயம். ஜன்னலில் எதுவும் வெடிக்காது, மின்னாது. பூனை கொஞ்ச நேரத்தில் தன் வீடு மாதிரி படுத்துவிடும்.

தரையையும் கவனியுங்கள். டைல்ஸில் நாய்க்குக் கால் வழுக்கும், வழுக்கினால் உட்காராது. பவானி ஜமக்காளம் ஒன்றை விரியுங்கள், நல்ல பிடிமானம். பட்டை நிறங்கள் கண்ணை இழுத்தால் மேலே சென்னிமலைப் போர்வை ஏதாவது வெளிர் நிறத்தில் போட்டுக்கொள்ளலாம். வளர்ப்பவரை ஜன்னலோரம் நிற்கச் சொல்லுங்கள். “ஏனுங்க, பேரைச் சொல்லிக் கூப்பிடட்டுங்களா?” என்பார்கள். நாலு தடவைக்கு மேல் கூப்பிட்டால் அது கண்டுகொள்ளாது. தீனிப் பொட்டலத்தை லேசாகக் கசக்கச் சொல்லுங்கள், காது நிமிரும்.

காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு, அடிக்கடி மூக்கை நக்கி, கொட்டாவி விட்டால் அது களைப்பு மட்டும் இல்லை, கலக்கம். கேமராவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் காட்டுங்கள், வாசலில் ஒரு சுற்று நடக்க விடுங்கள். அதற்குள் வெளிச்சம் போய்விட்டால் மறுநாள் வரச் சொல்லுங்கள். அதற்கென்று தனியாகக் காசு வாங்க வேண்டாம்.