சினிமாவுக்கு வெளியே புதுத் தமிழ்ப் பாட்டு: எதைக் கேட்கலாம், எப்படித் தேடலாம்?

கேள்வி: எந்த ஆப்பைத் திறந்தாலும் சினிமாப் பாட்டுதான் வருகிறது. வளர்ந்துவரும் தமிழ்க் கலைஞர்களின் பாடல்களை ராப், ராக், கானா, கர்நாடகம் என்று கலந்து பரிந்துரைக்க முடியுமா?

வெறும் பட்டியல் பத்து நாளில் தீர்ந்துவிடும். அதனால் பாட்டோடு சேர்த்து, அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போகும் வழியையும் சொல்கிறேன். பாடியவர் பெயரை ஒருபக்கம் வைத்துவிட்டு, இசையைச் செய்தவர் பெயரைத் தேடுங்கள். தமிழ் இண்டியில், அதாவது சினிமா சாராத தனி இசையில், பாடகர்கள் நிறைய, தயாரிப்பாளர்கள் கொஞ்சம். ஒரு நல்ல தயாரிப்பாளரைப் பிடித்தால் அவர் பின்னால் ஐந்தாறு பாடகர்கள் வரிசையாக வருவார்கள்.

ராப்பில் தொடங்கலாம், இப்போது சரக்கு அதிகம் அங்கேதான். பால் டப்பாவின் '170 சிஎம்' கேளுங்கள். கேட்டு முடித்ததும் ஸ்பாட்டிஃபையில் பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'கிரெடிட்ஸ்' பகுதிக்குப் போங்கள். பாடியவர், எழுதியவர், தயாரித்தவர் என்று தனித்தனியாக இருக்கும். தயாரிப்பில் ஆஃப்ரோ என்ற பெயரைப் பார்ப்பீர்கள். அந்தப் பெயரைத் தேடிப் போனால் 2019-இல் அவர் ராப்பர் அறிவுடன் சேர்ந்து செய்த 'தெருக்குரல்' ஆல்பம் கிடைக்கும். அறிவை 2021-இன் 'எஞ்சாயி எஞ்சாமி' வழியாக மட்டும் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அதைவிட இது கரடுமுரடு. வார்த்தைக்கு முன்னுரிமை, அலங்காரம் குறைவு. என்னைக் கேட்டால், தமிழ் ராப்பை யாருக்காவது அறிமுகம் செய்ய இதுதான் சரியான வாசல்.

அடுத்தது கர்நாடகமும் ராப்பும் சந்திக்கும் இடம். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும், டொராண்டோவின் தயாரிப்பாளர், மிருதங்கக் கலைஞர் யஞ்சனும் சேர்ந்து 'மிருதங்க ராப்ஸ்' என்று சின்னச் சின்ன வீடியோக்கள் செய்தார்கள். ஒருவர் வாசிக்கிறார், ஒருவர் ராப் செய்கிறார், அவ்வளவுதான். வரிகள் பெரும்பாலும் ஆங்கிலம். இதைக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோல், அதாவது தொப்பி, ரவைப் பசை அப்பி கனமாக்கப்பட்டிருக்கும். அந்தக் கும்மென்ற ஒலி, டிரம்ஸ் செட்டில் காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் செய்யும் வேலையைச் செய்கிறது. வலப்பக்கமான வலந்தலையின் கூரிய சொற்கள், அதாவது அடிகள், டிரம்ஸில் ஸ்னேர் டிரம்மும் ஹை-ஹேட் தட்டுகளும் செய்யும் வேலையைச் செய்கின்றன. ராப்பர் ஓர் அசையை எங்கே வெட்டுகிறார் என்று பாருங்கள்: பெரும்பாலும் வலந்தலைச் சொல் விழும் இடத்திலேயே விழும். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். இதே யஞ்சன் பாடகர் சந்தீப் நாராயணுடன் செய்த 'அருள்' நேர் எதிர்த்திசை. அங்கே கர்நாடகக் குரல் முன்னால் நிற்கிறது, ஹிப்-ஹாப் தாளம் பின்னால் வருகிறது. வீட்டில் பெரியவர்களிடம் போட்டுக் காட்ட ஏற்றது.

கானாவுக்கும் ராக்குக்கும் ஒரே வாசல் போதும்: 2017-இல் தொடங்கி 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். சட்டியும் மோளமும் கிட்டாரோடு ஒரே மேடையில். இன்று அவர்களைப் புதியவர்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் அதிலிருந்து கிளை பிரிந்தவர்களைத் தொடரலாம். கானா பாடும் பெண்கள் அரிதாக இருந்த இடத்தில் பாடிய இசைவாணி, 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். குழுவின் இசையைக் கட்டமைத்த தென்மாவைத் தேடினால் குரங்கன் என்ற இசைக்குழு வரும். அதில் அவரோடு இருந்தவர் கபேர் வாசுகி. அவருடைய 'அழகு புரட்சி' ஆல்பம் தனிக்குரல் பாடல்களுக்கு நல்ல தொடக்கம். குரல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்; வரிக்காகக் கேளுங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டார் வேண்டுமென்றால் ஊர்கா இசைக்குழு. 'மண்டேலா', 'மாவீரன்' படங்களுக்கு இசையமைத்த பரத் சங்கரின் குழு அது.

பாப் பக்கம் சாய் அபயங்கரின் 'கட்சி சேர', 'ஆச கூட' இரண்டும் 2024. அவருக்கு இனி யாருடைய பரிந்துரையும் தேவையில்லை, சினிமாவுக்குப் போயாகிவிட்டது. ஆனால் அவை வெளிவந்த திங்க் இண்டி என்ற லேபிளின், அதாவது பாடல் வெளியீட்டு நிறுவனத்தின், பக்கத்தைப் பின்தொடர்ந்தால் அடுத்து யார் வருகிறார்கள் என்று தெரியும்.

இனி, தேடும்போது எங்கே சறுக்கும் என்று பார்க்கலாம்.

முதல் சறுக்கல் எழுத்துக்கூட்டல். பெயர்கள் ஆப்பில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் பதிவாகியிருக்கின்றன, அதுவும் அவரவர் இஷ்டப்படி. அபயங்கரில் கே இரண்டு முறை வரும், டப்பாவில் பி இரண்டு முறை. தமிழில் அடித்து ஒன்றும் வரவில்லை என்றால் பாட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டாவது, சினிமாவுக்கே திரும்ப இழுத்துச் செல்லும் பரிந்துரை. ஒரு பாட்டை வைத்திருக்கும் பிளேலிஸ்டுகளில் வேறு என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் ஆப் அடுத்த பாட்டைப் போடுகிறது. தமிழ் பிளேலிஸ்டுகளில் சினிமாதான் நிறைந்திருக்கிறது. பால் டப்பா 'பிரதர்' படத்தில் பாடிய 'மக்காமிஷி'யிலிருந்து ரேடியோ (ஒரு பாட்டை வைத்து ஆப் தானே அடுத்தடுத்துப் போடும் வரிசை) தொடங்கினால் ஹாரிஸ் ஜெயராஜ் பாடல்களில்தான் போய் நிற்பீர்கள். ஆகவே ரேடியோவை எப்போதும் கலைஞரின் சொந்தப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே ஸ்பாட்டிஃபை கணக்கில் கேட்டால், குழந்தைகளின் பிளேலிஸ்டில் மூன்று புள்ளியைத் தொட்டு, அதை உங்கள் ரசனைக் கணக்கிலிருந்து விலக்கும் தேர்வை இயக்குங்கள். யூடியூபில் 'ஆர்வமில்லை' என்பதைக் கூச்சப்படாமல் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, போன் ஸ்பீக்கர். புது ராப் பாடல்களில் பேஸ், அதாவது அடித்தள ஒலி, பெரும்பாலும் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கி ஓடும். போன் ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு 'பீட் சப்பென்று இருக்கிறது' என்று சொல்வது இதனால்தான். முதல்முறை மட்டுமாவது காதுக்குள் பொருந்தும் இயர்போன்.

கேட்க நாளும் உண்டு. உலகம் முழுக்கப் புதுப் பாடல்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வெளியாகின்றன. ஸ்பாட்டிஃபையில் நீங்கள் பின்தொடர்பவர்களின் புதுப் பாட்டு வெள்ளியன்று 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் வரும். திங்களன்று வரும் 'டிஸ்கவர் வீக்லி' வேறு. முதலாவது உங்களுக்கு நன்றாகப் பயன்பட வேண்டுமென்றால், பாட்டை லைக் செய்வதோடு கலைஞரையும் ஃபாலோ செய்யுங்கள். பலர் விடுவது இதைத்தான்.

திரைக்கு வெளியே நேரில் கேட்க ஆசை இருந்தால், டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் நடத்தும் 'மார்கழியில் மக்களிசை'யைப் பாருங்கள். கானா, ஒப்பாரி, பறை, ராப் எல்லாம் அங்கே கேட்கலாம்.

பிடித்த பாட்டை நண்பருக்கு அனுப்பும்போது, ஸ்டேட்டஸில் 20 நொடித் துண்டாகப் போடாமல் சுட்டியை அனுப்புங்கள். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் அது ஒரு கேட்பாகக் கணக்காகும். 12 மாதத்தில் 1000 கேட்பு தாண்டாத பாட்டுக்கு 2024 முதல் அங்கே காசே கிடையாது. இரண்டு லட்சம் கேட்பு உள்ளவருக்கு உங்கள் பகிர்வு ஒரு பொருட்டில்லை; 900-இல் நிற்பவருக்கு அப்படியில்லை.