மருமகளுக்கு ஜூலையில் ரெசிடென்சி: அமெரிக்காவுக்கு எப்போது கிளம்பலாம்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் நியூஜெர்சியில் வேலை, மருமகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், மருத்துவக் கல்லூரியில் கடைசி ஆண்டு, பேத்திக்கு எட்டு மாதம். "எந்த ஊர் என்றே மார்ச்சில்தான் தெரியுமாம், ஜூலையில் வேலைக்குப் போகணுமாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி? ஒரு வருஷம் தள்ளிப்போடு என்று சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து சொல்லாதீர்கள். நம் ஊரில் எம்.பி.பி.எஸ். படித்து, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்துவிட்டால் பதிவு செய்துகொண்டு கிளினிக் வைக்கலாம். மேற்படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே அப்படி இல்லை. பட்டம் கையில் இருந்தாலும், ரெசிடென்சி என்று சொல்லும், மருத்துவமனையில் சம்பளத்தோடு செய்யும் பயிற்சி இல்லாமல் தனியாக வைத்தியம் பார்க்க முடியாது. ஜூலையில் தொடங்குவது அதுதான். ஒரு வருடம் விட்டால், அடுத்த வருடம் புதிதாகப் படித்து வருபவர்களோடு போட்டி போட வேண்டும். "இடையில் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். கடன் வேறு இருக்கிறது. அங்கே மருத்துவம் படித்து முடிப்பவருக்கு 2 லட்சம் டாலர் கல்விக் கடன் என்பது சாதாரணம். அரசுக் கடனாக இருந்தால், படிப்பு முடிந்து 6 மாதத்தில் திருப்பிக் கட்டும் காலம் தொடங்கிவிடும். சம்பளம் இல்லாத வருடத்தில் அந்தச் சுமை உங்கள் மகன் தலையில்தான் விழும்.

ஊர் ஏன் இப்போதே தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேர்காணல்கள் முடிந்ததும், மருமகள் தனக்கு வேண்டிய மருத்துவமனைகளை முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்திக் கொடுப்பார். மருத்துவமனைகளும் மாணவர்களை அதேபோல வரிசைப்படுத்தும். இரண்டையும் கணினி பொருத்திப் பார்த்து ஆளுக்கு ஓர் இடம் தரும். இதைத்தான் 'மேட்ச்' என்கிறார்கள். 1952 முதல் நடக்கிறது. மார்ச் மூன்றாவது வாரத் திங்கட்கிழமை, இடம் உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியும். எந்த மருத்துவமனை என்பது அந்த வெள்ளிக்கிழமை பகல் 12 மணிக்கு, நமக்கு இரவு ஒன்பதரைக்கு. அந்த நான்கு நாளும் மருமகளுக்குப் போன் போட்டு "என்னம்மா ஆச்சு?" என்று கேட்க வேண்டாம். அவருக்கே தெரியாது. வந்த இடத்தில் சேர்ந்தே ஆக வேண்டும், பிடிக்கவில்லை என்று சும்மா விட்டுவிட முடியாது.

அதனால், குடும்பத்துக்கு எந்த ஊர் தோது என்று பேச வேண்டியது இப்போதுதான், அந்தப் பட்டியலை முடித்துக் கொடுப்பதற்கு முன்னால். பேச வேண்டியவர்கள் உங்கள் மகனும் மருமகளும். சம்பந்தி வீடு பக்கத்தில் இருப்பது, மகனின் அலுவலகம், குழந்தையை விட நல்ல டே கேர் கிடைப்பது எல்லாம் அந்த வரிசைக்குள் வரலாம். மனதுக்குப் பிடித்ததை முதலில் போட்டால், கிடைக்காதபோது அடுத்தது பாதிக்குமோ என்று பலர் பயந்து வரிசையை மாற்றுகிறார்கள். பாதிக்காது. மாணவர் பக்கம் சாய்ந்துதான் அந்தக் கணக்கு வேலை செய்கிறது. 1990-களின் கடைசியில் அதைத் திருத்தி அமைத்த பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத்துக்கு 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. "நியூஜெர்சியை முதலில் போடு" என்று நீங்கள் வற்புறுத்த வேண்டாம். அது அவர்கள் வாழப்போகும் ஊர்.

இப்போது ஜூலைக்கு வருகிறேன். குழந்தைகள் நல மருத்துவம் என்று எழுதியிருந்தீர்கள். அது மூன்று வருடம். (பொது அறுவை சிகிச்சை ஐந்து, நரம்பு அறுவை சிகிச்சை ஏழு.) முதல் வருடம்தான் கடினம். வாரத்துக்கு 80 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்பது அங்கே விதி, அதுவும் நான்கு வாரச் சராசரி. ஒரே மூச்சில் 24 மணி நேரம், அதற்கு மேல் நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்க இன்னும் 4 மணி நேரம் வரை போகலாம். ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு உண்டு, அதுவும் சராசரிதான். அந்த நாள் ஞாயிறாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இத்தனைக்கும் முதல் வருடச் சம்பளம் பெரும்பாலும் ஆண்டுக்கு 60,000-லிருந்து 70,000 டாலருக்குள்தான். வரி போக மீதிதான் கைக்கு வரும். "டாக்டர் மருமகள், கொட்டிக் கொடுப்பாள்" என்று சொந்தக்காரர்கள் பேசினால் நீங்களே தடுத்துவிடுங்கள்.

காலையில் டே கேர் திறப்பதற்கு முன்பே மருமகள் கிளம்பியிருப்பார். பல நாள் அது மூடிய பிறகுதான் திரும்புவார். குழந்தையைக் கொண்டுபோய் விட்டு, கூட்டிவந்து, சோறு ஊட்டித் தூங்கவைக்கப் போகிறவர் உங்கள் மகன். இந்த மூன்று வருடமும் வீட்டை நடத்தப்போவது அவர்தான். இதில் உங்களுக்கு வருத்தம் இருக்கலாம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் போய் அவர் வேலையை மொத்தமாக வாங்கிக்கொண்டால், ஆறு மாதம் கழித்து நீங்கள் விமானம் ஏறிய மறுநாளே அவர் திணறிப்போவார். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. பாட்டி ஊருக்குக் கிளம்பியதும், பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்றே அப்பாவுக்குத் தெரியவில்லை. நீங்கள் கூட இருந்து சமையல், பகல் நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி எழுந்து பால் கொடுப்பது மகன் பொறுப்பாகவே இருக்கட்டும்.

சரி, எப்போது கிளம்புவது? மே மாதப் பட்டமளிப்பு விழாவுக்குப் போக ஆசைப்படுகிறீர்கள். ஊர் மாறினால் விழா முடிந்த கையோடு வீடு மாற்றுவார்கள், அந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நீங்கள் சிரமப்படுவீர்கள். சுற்றுலா விசாவில் போனால் பொதுவாக ஆறு மாதம்தான் தங்க விடுவார்கள். அதில் ஒரு மாதம் இப்படிப் போய்விடும். விழாவை வீடியோவில் பாருங்கள் என்பதே என் யோசனை. ஜூன் கடைசியில் போனால் டிசம்பர் வரை இருக்கலாம், அதன் பிறகு சம்பந்தியம்மா பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் போக வேண்டாம். விசா நேர்காணலுக்கு இப்போதே பதிவு செய்யுங்கள். உங்களுக்குச் சர்க்கரை, பிரஷர் இருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பணம் தருமா என்று கேட்டு மருத்துவக் காப்பீடு எடுங்கள். மாத்திரைச் சீட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு ஏப்ரல் அல்லது வைகாசி தொடக்கம் பாருங்கள். மேட்சுக்குப் பிறகு கடைசி மாதங்களில் கல்லூரி வேலை பொதுவாகக் குறைவு. ஜூன் நடுவில் மருத்துவமனையின் அறிமுக வகுப்புகள் தொடங்கிவிடலாம். தேதியை மருமகளிடம் கேட்டுவிட்டுப் பூசாரியிடம் சொல்லுங்கள். ஜூலைக்குப் பிறகு தீபாவளிக்குக்கூட அவரால் லீவு உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்புறம், இரண்டாவது குழந்தை பற்றிக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். ரெசிடென்சி காலத்தில் ஒரு முறையாவது ஆறு வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு தர வேண்டும் என்று 2022 ஜூலை முதல் விதி இருக்கிறது. ஆகவே அவர்கள் விரும்பினால் வழி உண்டு. நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

இந்த வாரம் மகனுக்குப் போன் செய்யும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் டே கேரில் பெயர் பதிந்தாயிற்றா என்று. கைக்குழந்தைகளுக்கு இடம் கிடைக்க அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.