கேள்வி – பதில்: ஐந்தாவது சர்வர் வந்தால் தரவு எங்கே போகும்?

கேள்வி: கீயின் (தரவை அடையாளம் காட்டும் பெயர்) ஹேஷ் எண்ணை, அதாவது அந்தப் பெயரிலிருந்து கணக்கிட்டுப் பெறும் எண்ணை, 4ஆல் வகுத்து, வரும் மீதியை வைத்து நான்கு சர்வர்களில் தரவைப் பிரிக்கிறோம். ஐந்தாவதைச் சேர்த்ததும் பெரும்பகுதி தரவு இடம் மாறுகிறதே, ஏன்?

பதில்: வகுக்கும் எண் மாறிவிட்டது, அவ்வளவுதான். 4ஆல் வகுத்தாலும் 5ஆல் வகுத்தாலும் ஒரே மீதி தரும் எண்கள் 20க்கு 4 மட்டுமே. ஆகவே 80 சதவீதக் கீகள் இடம் பெயரும். உண்மையில் புதிய சர்வருக்குச் சேர வேண்டிய பங்கு 20 சதவீதம்தான்.

இதற்காகவே 1997இல் எம்ஐடி ஆய்வாளர்கள் கன்சிஸ்டென்ட் ஹேஷிங் முறையை வெளியிட்டார்கள். ஹேஷ் எண்கள் ஒரு வளையமாகின்றன. சர்வர்கள் அதில் ஆங்காங்கே புள்ளிகளாக நிற்கின்றன. ஒரு கீ, வளையத்தில் தனக்கு அடுத்து வரும் புள்ளிக்குச் சொந்தம். சர்வருக்கு ஒரே புள்ளி கொடுத்தால் பங்குகள் தாறுமாறாக இருக்கும்; ஒரு சர்வர் விழுந்தால் அதன் சுமை முழுவதும் அடுத்ததன் தலையில் விழும். அதனால் ஒவ்வொன்றுக்கும் பல புள்ளிகள் தர வேண்டும். அளவுக்கு மீறியும் தரக் கூடாது: ஒரு சர்வரின் தரவுக்கான நகல்கள் பல சர்வர்களோடு பின்னிக்கொள்ளும், எந்த இரண்டு விழுந்தாலும் ஏதோ ஒரு தரவு கிடைக்காமல் போகும் வாய்ப்பு கூடும். கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸில் ஒரு சர்வருக்கு இத்தனை புள்ளிகள் என முன்பு 256ஆக இருந்த இயல்பு மதிப்பு, 4.0 பதிப்பில் 16ஆகக் குறைந்தது.

நீங்களே நிரல் எழுதுவதானால் நிலையான ஸ்லாட் முறையையே பரிந்துரைப்பேன்: கீகளை மாறாத எண்ணிக்கையுள்ள பெட்டிகளாக (ஸ்லாட்) பிரிப்பது. பல சர்வர்களில் ஓடும் ரெடிஸ் டேட்டாபேஸான ரெடிஸ் கிளஸ்டரில் 16,384 ஸ்லாட்டுகள். கீ எந்த ஸ்லாட் என்பது ஒருபோதும் மாறாது. ஸ்லாட் எந்த சர்வர் என்ற பட்டியல் மட்டுமே மாறும். பிழை தேடுவதும் எளிது.

கசாண்ட்ராவில் நோடு (சர்வர்) சேர்ப்பவர்கள் பலர் மறப்பது ஒன்று: புதிய நோடு தரவை வாங்கிக்கொண்ட பின்னும் பழைய நோடுகளில் அதே தரவு கிடக்கும். ஒவ்வொரு பழைய நோடிலும் ‘நோடுடூல் கிளீனப்’ என்ற கட்டளையை ஓட்டினால்தான் இடம் காலியாகும்.

கேள்வி: செஃப் (பல சர்வர்களில் தரவைச் சேமிக்கும் மென்பொருள்) கிளஸ்டரில் மூன்று நோடுகள்: 40, 40, 10 டெராபைட். மூன்று நகல்கள். மொத்தத்தில் 30 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் ‘நியர்ஃபுல்’ (டிஸ்க் நிரம்பப் போகிறது) எச்சரிக்கை. தரவைச் சமமாகப் பரப்பும் பேலன்சர் ஓடியும் பயனில்லை.

பதில்: பேலன்சரால் முடியாது. ஒரு நோடில் ஒரு நகல் என்பது விதியாக இருக்கும்போது, மூன்றாவது நகல் சிறிய நோடுக்குத்தான் போயாக வேண்டும். 9 டெராபைட் தரவு என்றால் மூன்று நோடுகளிலும் 9, 9, 9. மொத்தம் 90இல் 27, அதாவது 30 சதவீதம். சின்ன நோடிலோ 90 சதவீதம். ஒரு டிஸ்க்குக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் வெயிட்டை மாற்றியும் பயனில்லை. எச்சரிக்கை 85இல் வரும், 95ஐ ஒரு டிஸ்க் தொட்டாலும் எழுதுவது நின்றுவிடும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

டிஸ்க்குகளை மாற்றியமைத்து நோடுக்கு 30 டெராபைட் ஆக்குங்கள். 85 சதவீத எல்லைக்குள் 25 டெராபைட்டுக்குச் சற்று மேல் வைக்கலாம். நகர்த்துமுன் ஒவ்வொரு டிஸ்க்கையும் ‘அவுட்’ செய்து (அதன் தரவை வேறு டிஸ்க்குகளுக்கு மாற்றச் சொல்லி), பிஜிக்கள் (செஃப் தரவைப் பிரிக்கும் தொகுதிகள்) எல்லாம் ‘ஆக்டிவ் பிளஸ் கிளீன்’, அதாவது எல்லா நகல்களும் சரியாக உள்ள நிலை, ஆகும்வரை காத்திருங்கள். சின்ன நோடின் டிஸ்க்குகளை மட்டும் அவுட் செய்ய வேண்டாம். அந்தத் தரவுக்குப் போக வேறு நோடு இல்லை.

கேள்வி: இடம் மிச்சமாக இரண்டு நகல் போதாதா?

பதில்: போதாது. ஒரு டிஸ்க் போய், மறுநகல் உருவாகும் நேரத்தில் மிஞ்சிய ஒரே பிரதியில் ஒரு செக்டார் படிக்க முடியாவிட்டாலும் அந்தத் தரவு தொலைந்தது. ஆறு நோடுகள் இருந்தால் 4+2 இரேஷர் கோடிங் பாருங்கள், அதாவது தரவை 4 துண்டுகளாக்கி, மீட்க உதவும் 2 துண்டுகளைக் கூடுதலாகச் சேர்க்கும் முறை: ஒன்றரை மடங்கு இடம்தான், இரண்டு நோடுகள் போனாலும் தரவு அழியாது. சிறுசிறு அளவில் அடிக்கடி எழுதும் டேட்டாபேஸுக்கு மட்டும் அது மெதுவாக இருக்கும். அங்கே மூன்று நகலே சரி.